இரண்டாவது பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

கால் வலி தாங்க முடியவில்லை. இன்று வந்தவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகளாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பயப்படுகிறவர்கள் தாங்களே வண்டியை நிறுத்திவிடுவார்கள். தைரியசாலிகளுக்குத்தான் நான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே காய்த்துப்போன இடம் நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இத்தனை வருஷ உழைப்புக்கு என்ன கொடுத்து வைத்திருக்கிறார்கள் எனக்கு? பக்கத்து சீட்டில் ஒரு பிரேக். ஸ்டியரிங் கிடையாது, ஆக்ஸிலேட்டர் கிடையாது, ஹார்ன்கூடக் கிடையாது. என்னால் முடிந்தது நிறுத்துவது மட்டும்தான். டிரைவிங் பள்ளியின் வாசல், தண்ணீர்த் தொட்டி, கோர்ட்டு மதில், ஆஸ்பத்திரிப் பின்தெரு, பாலத்து ஏற்றம், ரவுண்டானா. ரவுண்டானாவில் 'திரும்புங்க' என்பேன். திரும்புவார்கள். மறுபடி பள்ளி வாசல்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பிரேக் சார்' என்கிறார்களாம். முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கென்ன வந்தது.

புதிதாக ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார். ஓய்வு பெற்றவர். லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம், அதற்குப் பயிற்சி.

மார்ச் 5, வியாழன்

பல் டாக்டர் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே கேள்வி கேட்டுப் பழகியவர். "வீடு பக்கத்துலயா? நல்லது. குழந்தைங்க? ம், சரி சரி." நான் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

கோர்ட்டு மதில் பக்கம் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் பார்த்தாரோ இல்லையோ, என் கால் பார்த்துவிட்டது. வண்டி நின்றதும் குனிந்து தன் காலைப் பார்த்தார். "நான் பிரேக் போடலையே, எப்படி நின்னுச்சு?" நான் போட்டேன் என்றேன். "அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டார். இந்த முறை பதிலுக்குக் காத்திருந்தார். வண்டியை எடுங்க என்றேன்.

ஆஸ்பத்திரிப் பின்தெருவில் தன் வீட்டுப் பாதைக்குள் வண்டியை விட்டு, நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். இனி ஓட்டப் போவதில்லையாம். போதுமாம். பின்னால் ஷெட்டில் ஒன்று கிடக்கிறது, அதையும் யார் தலையிலாவது கட்டிவிட்டால் நிம்மதி, வாங்க தம்பி பாருங்க என்றார்.

தார்ப்பாயின் ஒரு முனையை அவரும் ஒரு முனையை நானும் பிடித்து இழுத்தோம். இருமலே வந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

சிவப்பு. தூசிக்குக் கீழே சிவப்பு.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி போனேன்.

போவது அவ்வளவு லேசாக இல்லை. நாங்கள் குடியிருப்பது பள்ளிக்கு மேல் மாடியில். படி இறங்குவது நேராக ஆபீசுக்குள். வெளியே போக வேண்டுமானால் மச்சானின் மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். என் மனைவியின் அண்ணன், என் முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், எல்லாம் ஒரே ஆள், ஒரே மேசை. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருப்பார். "எங்க மாப்ள?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மின்விசிறி சுற்றுவதைப் போல அவர் பாட்டுக்குக் கேட்பார். சும்மா நடக்கப் போகிறேன் என்றேன். சும்மா நடப்பவன் டார்ச் லைட் எடுத்துக்கொண்டா போவான்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வானது. கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டால் தரை தட்டும். மேலே துணிக் கூரை இருந்திருக்கிறது, இப்போது அதன் கம்பி எலும்பு மட்டும். முன்விளக்கு ஒன்றில் குளவி கூடு கட்டியிருக்கிறது. பேட்டரி இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கிறது. சீட்டைக் கிழித்து எலி பிள்ளை பெற்றிருக்கிறது. ஆனால் அந்த முன்பக்கம், பானெட்டிலிருந்து மட்கார்டுக்கு இறங்குகிற அந்த வளைவு! அதைச் செய்தவன் நிச்சயம் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்திருப்பான்.

டாக்டர் இளமையில் வாங்கியது. கல்யாணம் ஆனதும் ஓரம் கட்டினாராம். மாமியாரை எங்கே உட்கார வைப்பது?

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் மெல்லிசு. பிடித்தபோதுதான் உறைத்தது. நான் ரோட்டில் கடைசியாக வண்டி ஓட்டியது எப்போது? பள்ளி வண்டியை முற்றத்தில் முன்னே பின்னே நகர்த்துவதைச் சொல்லவில்லை. ரோட்டில்? பாடத்துக்கு மட்டும்தான் வண்டி என்பது மச்சானின் சட்டம். குடும்பத்தோடு போனால் மச்சானின் கார், மச்சான்தான் ஓட்டுவார். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். நான் ஓட்டுவதில்லை. யாரிடம் சொல்ல இதை? சிரிப்பார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

மச்சான் மேலே வந்தார். அவர் மேலே வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஊரின் மறுகோடியில் இரண்டாவது பள்ளி திறக்கப் போகிறார். எங்கள் சேமிப்பைப் போட்டால் நான் கூட்டாளி. சம்பளக்காரன் இல்லை. "போர்டுல உங்க பேரும் வரும் மாப்ள. எத்தன காலத்துக்கு இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிப்பீங்க?" அந்த இன்னொருத்தன் அவர்தான். அது அவருக்கே தோன்றவில்லை. மாதக் கடைசியில் கையெழுத்து. மகளுக்குப் படிப்பு முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது, உங்களுக்கு வேறென்ன செலவு என்றும் சொன்னார்.

கூட்டாளி என்றால் என்ன? அங்கேயும் ஒரு பக்கத்து சீட்டு. அங்கேயும் ஒரு ரவுண்டானா இருக்கும்.

என் மனைவி அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் போனபிறகும் அதே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, புதன்

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். வேண்டாம் என்பதே காரணம் ஆகாதா?

மார்ச் 15, ஞாயிறு

பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளி வண்டிகளையும் அவர்தான் பார்க்கிறார். மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். ஏதோ கள்ளக் காதல் மாதிரி நடந்துகொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இது வண்டி இல்ல சார். துரு. பெயின்ட்தான் புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு." எஞ்சின் மட்டும் இறுகவில்லை, கையால் திருப்பினால் திரும்புகிறது. அதுவே பெரிய ஆச்சரியமாம். வாங்கலாமா என்று கேட்டேன். "வாங்காதீங்க. வாங்கினா எங்கிட்டயே கொண்டு வாங்க" என்றார்.

எண்ணெய் மாற்றி, பேட்டரி போட்டு, அடுத்த ஞாயிறு உசுப்பிப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது, மறைக்கிறார்.

மார்ச் 17, செவ்வாய்

அவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சேமிப்பைக் கூட்டில் போடாமல் இதில் போட்டால் என்ன என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன், பாதியில் கொட்டிவிட்டேன். வளைவு, சிவப்பு, எலி எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எத்தன சீட்டு?" என்றாள்.

"ரெண்டு."

"யார் ஓட்டுவா?"

இதென்ன கேள்வி? "நான்தான். வேற யாரு?" என்றேன். ஓ என்றாள். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இந்த 'ஓ'வுக்கு என்ன பொருள்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்து இன்னும் இரண்டு மூன்று 'ஓ'க்கள் எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மானம் போய்விட்டது.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் இருமல், பிறகு கரும்புகை, பிறகு அந்தச் சத்தம். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பட்டறைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக ஒரு தடவை, வீட்டுப் பாதைக்குள்ளேயே, கேட் வரைக்கும் நானே ஓட்டுகிறேன் என்றார். அவர் வண்டி, அவர் பாதை. யார் மறுப்பது? நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நடக்கிற வேகம்தான். கேட் எங்கேயோ இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை, சத்தியமாக. ஆனால் அவர் ஓட்டுகிறவர், நான் பக்கத்து சீட்டு. கேட் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததும் என் கால் தன் வேலையைச் செய்துவிட்டது.

இல்லாத பிரேக்கை மிதித்தேன். அதுவும் தைரியசாலிகளுக்கு மிதிக்கிற மிதி. தரைத் தகடு அப்பளமாக நொறுங்கிக் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. செருப்பு தரையில் இழுபட்டது. ஐயோ, அம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க, யோவ் நிறுத்துயா! டாக்டரையே யோவ் என்றேன். அவர் நிதானமாக நிறுத்தினார். தானாகவே, தன் காலாலேயே, கேட்டுக்கு வெகுதூரம் முன்னால்.

இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். காயத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ நான்தான் நிறுத்தினேன், பாத்தீங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். தகடு கிழித்த இடத்தில் தையல், ஊசி, கட்டு. மச்சானிடம் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டார். படியில் இன்னொரு விளக்கு போடச் சொல்லியிருக்கிறார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

படுத்தே கிடக்கிறேன். என் பாடங்களை மச்சானே எடுக்கிறார். கீழேயிருந்து அவர் குரல் கேட்கிறது, எல்லாரையும் விரட்டுகிறார்.

உடைத்தவன் நான். அப்படியென்றால் வாங்கியாக வேண்டாமா? போன வாரம் வரை வாங்க ஆசை. இன்றைக்கு வாங்காமல் இருக்க வழியில்லை. ஆசை எங்கே முடிந்தது, மாட்டிக்கொண்டது எங்கே ஆரம்பித்தது? எனக்கு எதுவுமே நேராக வந்து கையில் விழாதா?

டாக்டருக்குப் போன் செய்து, உடைத்ததற்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் ஒடைக்கல தம்பி. சொத்தையா இருந்துச்சு, குத்தினதும் தெரிஞ்சுது. தெரியாம இருந்தாதான் ஆபத்து" என்றார். உதிரி உதிரியாகக் கழற்றி விற்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். மாதக் கடைசியில் வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாராம். வேண்டுமானால் அதற்குள் சொல்லுங்கள் என்றார்.

இங்கேயும் மாதக் கடைசி. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

மார்ச் 25, புதன்

இந்த நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி முனை வரை தெரியும்.

மஞ்சள் போர்டு வைத்த கார் ஒன்று முனையில் வந்து நின்றது. அடுத்த தெருப் பள்ளி, மச்சானின் ஜென்ம விரோதி. யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று தொழில் புத்தியில் பார்த்தேன். அந்தப் புடவை. காலையில் நான்தான் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

முனையில் ஒரு லாரி வந்தது. என் கால் படுக்கையறைத் தரையை ஓங்கி மிதித்தது. தையல் விட்டுப் போச்சோ என்று பயந்தேன், அப்படி ஒரு வலி. அவள் நிறுத்தினாள், லாரியைப் போகவிட்டாள், கையைக் காட்டாமல் இண்டிகேட்டர் போட்டு, அழகாகத் திரும்பிப் போனாள்.

மத்தியானம் வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டேன். தையல்காரியிடம் என்றாள். ஓ என்றேன்.

மார்ச் 26, வியாழன்

சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. வெந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

கேட்டுவிட்டேன். நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். "மஞ்சள் போர்டு வண்டி நல்லா ஓடுதா?" என்று வந்தது வாயில்.

கரண்டியைக் கீழே வைத்தாள். மறைக்கவில்லை, அழவும் இல்லை. எத்தனை நாளாக என்றேன். மகள் வேலைக்குப் போன பிறகு என்றாள். நான் ஒருத்தன் இங்கே எதுக்கு இருக்கேன், ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கத்துக் குடுக்கறவன், என் பெண்டாட்டி போயும் போயும் அவன்கிட்ட... தெரிஞ்சா உங்க அண்ணன் என்ன சொல்வார், எனக்கு என்ன மரியாதை என்று கத்தினேன். கீழே ஆபீசில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

"நீங்களும் எனக்குக் கத்துக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா? நான் ஒருநாளாவது ஓட்டினேனா? வண்டி நின்னா, நிறுத்தினது நானா நீங்களான்னே எனக்குத் தெரியாது. அங்க கத்துக் குடுக்கற பொண்ணு வண்டியில ஏறினதும் ரெண்டு காலையும் பின்னால இழுத்து வெச்சுக்கும். நான் பிரேக் போட மாட்டேன், நீங்கதான் போடணும்னு சொல்லும். மொத நாள் எனக்கு உசுரே போச்சு. அன்னைக்குத்தாங்க நான் வண்டி ஓட்டினேன்."

கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன்.

"எங்க எங்கன்னு நீங்களும் கேக்காதீங்க. அதைக் கீழ ஒருத்தர் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. நானும் அந்த மேசையைச் சுத்திக்கிட்டுதான் போறேன், வர்றேன். இந்த வீட்ல நீங்க மட்டும்தான் மாட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனப்பு உங்களுக்கு."

கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள். அடிபிடித்துவிட்டது.

மார்ச் 28, சனி

அடிபிடித்த குழம்பையே இன்றும் சாப்பிட்டோம்.

அந்தப் பெண் காலை இழுத்து வைத்துக்கொள்கிறாளாம். யாராவது குறுக்கே வந்தால்? பொறுப்பு என்று ஒன்று இல்லையா? நான் மிதிப்பதால்தான் இந்த ஊரில் பல பேர் கைகாலோடு நடமாடுகிறார்கள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் வரை மனதுக்குள் பேசிப் பார்த்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் அவள் லாரிக்கு நிறுத்தியது சரியாக இருந்தது. என் மாணவர்களில் பாதிப் பேர் அப்படி நிறுத்த மாட்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் அவளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது புடவை ஓரமெல்லாம் தூசி, தலையில் ஒட்டடை. டாக்டர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், தனியாக. வண்டியைப் பார்த்திருக்கிறாள். உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். நான் கேட்காமலேயே தெரிந்தது எந்த சீட்டில் என்று.

ஓட்டையைப் பற்றி டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டாராம், யோவ் உட்பட. படியில் வழுக்கினது இதுதானா என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. கோபமாக இருக்க வேண்டியவன் நான். நானும் சிரித்துவிட்டேன். எத்தனை நாள் ஆயிற்று இந்த வீட்டில் சேர்ந்து சிரித்து.

பிறகு நிதானமாகச் சொன்னாள்: "வாங்கலாங்க. அண்ணன்கிட்ட போட வேண்டாம். ஆனா ஒண்ணு. சரி பண்ணி வெளிய எடுக்கற அன்னைக்கு நான்தான் ஓட்டுவேன்."

நான் கால் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மார்ச் 30, திங்கள்

நியாயமா இது? அந்த வண்டி எனக்கு எதற்கு? அதில் நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்ததற்காக. ஜென்மத்தில் ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங், என் இஷ்டத்துக்கு ஒரு ரோடு. அதற்காக உள்ளதையெல்லாம் கொட்டி, துருவைச் சுரண்டி, கடைசியில் அவள் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார வேண்டுமா? மறுபடி பக்கத்து சீட்டா? அதற்கு இந்த வேலையே போதுமே, சம்பளமாவது வரும்.

வாங்கினால் பக்கத்து சீட்டு. கையெழுத்துப் போட்டாலும் பக்கத்து சீட்டு. இரண்டும் செய்யாவிட்டால்... இருக்கவே இருக்கிறது இந்த சீட்டு.

என்னடா வாழ்க்கை இது.

ஆனால் ஒரு விஷயம். அந்த வண்டியில் இரண்டாவது பிரேக் கிடையாது. மிதித்தால் ஓட்டைதான். சாயங்காலமெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓட்டி, நான் நிறுத்தவே முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மச்சான் காரில்கூட எனக்குப் பின்சீட்டுதான். ரோட்டில் அப்படி ஒருநாளும் நான் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை.

மார்ச் 31, செவ்வாய்

நொண்டிக்கொண்டே படி இறங்கினேன். புது விளக்கு பளிச்சென்று எரிந்தது. மச்சான் தாள்களைத் தயாராக வைத்திருந்தார், பேனா மூடியையும் திறந்து வைத்திருந்தார்.

வேண்டாம் மச்சான் என்றேன். ஏன் என்றார். வேண்டாம் என்றேன். மறுபடியும் ஏன் என்றார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "கால் வலிக்குது மச்சான்" என்றேன். கால் ஆறினதும் போடலாம் என்றார். ஆறினாலும் வேண்டாம் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படியைப் பார்த்தார். அவள் நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ. "நீ சொல்லும்மா" என்றார். "அவர்தான் சொல்லிட்டாரே அண்ணே" என்றாள்.

மச்சான் பேனாவை மூடினார். கூட்டு வேண்டாமென்றால் சம்பளம் இப்போதிருப்பதுதான், வாடகைதான் கூடும் என்றார். அப்புறம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். அவர் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் டாக்டர் வீட்டுக்கு என்று உண்மையையே சொல்லியிருப்பேன்.

டாக்டரிடம் முன்பணம் கொடுத்தேன். உதிரி வியாபாரிக்கு அவரே போன் செய்து வர வேண்டாம் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தார்ப்பாய்மேல் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தாயிற்று. வழியில் ஒரு கதவு கழன்று விழுந்தது. பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தார்.

மே 7, வியாழன்

மச்சான் இன்னும் பேசவில்லை. பாடங்களின் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தைரியசாலிகள் எல்லாரையும் என் பக்கமே தள்ளிவிடுகிறார். அதே மதில், அதே பாலம், அதே ரவுண்டானா. தையல் போட்ட இடம் இழுக்கிறது. நான் எதையோ ஜெயித்தேன் என்று நினைத்தேனே, எதை?

ஜூன் 19, வெள்ளி

அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. முதல் முயற்சியிலேயே. அடுக்களை அலமாரியில் டப்பாக்களுக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறாள். கீழே யாரிடமும் சொல்லவில்லை. நான் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன், டீக்கடையிலும்.

ஜூலை 26, ஞாயிறு

ஓட்டுகிற பக்கத்துத் தரைக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. பிரேக்கெல்லாம் புதுசு. பெயின்ட் இன்னும் இல்லை, சாம்பல் பூச்சோடு நிற்கிறது. என் பக்கத்து ஓட்டையையும் அடைத்துவிடலாம் என்று பட்டறைக்காரர் தகடு வெட்டியிருந்தார். அவள்தான் அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாளாம்.

வெட்டின தகட்டை நானே சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வெளியே எடுத்தோம்.

அவள் ஓட்டினாள். முதலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கண்ணாடியைத் திருப்பினாள், என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் இரண்டு காலையும் சீட்டுமேல் தூக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாலத்து ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. அவளும் நின்றாள். பஸ் நகர்ந்ததும் எங்கள் வண்டி பின்னால் சரிந்தது. என் கால் தானாக இறங்கியது. ஓட்டையில் கீழே ரோடு தெரிந்தது, கறுப்பாக, முன்னால் போய்க்கொண்டிருந்தது. மிதிக்க ஒன்றுமில்லை. காலை மேலே இழுத்துக்கொண்டேன். அதற்குள் அவள் பிடித்துவிட்டாள். எஞ்சின் உறுமிற்று, வண்டி மேலேறியது. அவள் மேலுதட்டில் வியர்வை. "பயந்துட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "நானுந்தான்" என்றாள்.

ரவுண்டானா வந்தது. 'திரும்புங்க' என்ற சொல் தொண்டை வரை வந்தது. கடித்துக்கொண்டேன். அவள் திரும்பவில்லை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் மரம். இவ்வளவு வருஷத்தில் அதன் முனையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

வரும்போது நீங்கள் ஓட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்தாள். ஓட்டினேன். அவள் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டுமேல் காலை மடக்கிக்கொண்டு வந்தாள்.

மச்சான் மேசையில் இருந்தார். எங்கள் இருவர் தலையிலும் தூசி. மார்ச் கடைசிக்குப் பிறகு இன்றுதான் வாயைத் திறந்தார். "எங்க போயிட்டு வர்றீங்க?" என்றார்.

"தெரியல மச்சான்" என்றேன். "இவதான் ஓட்டினா."